டிரம்பெட் முடிந்ததும் பந்தி

சேசு மரி சூசை துணை

ராயபுரம்,
ஆகஸ்டு 1974

கோலார் தங்கவயலில் குடியிருந்தாலும் ராயபுரத்துக்குப் பாட்டு எழுதுவதை விடாத அன்பு மச்சான் கஸ்பார் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஃப்ளோரன்ஸின் வீட்டுக்காரன் அருள்பிரகாசம் பணிவோடு எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் இங்கே நான் சுகம். ஃப்ளோரன்ஸ் சுகமா என்று எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. தாங்களும் வீட்டாரும் சுகமாக இருந்து, ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டும் இருக்க வேண்டுகிறேன்.

மச்சான், நம் மெலடி பாய்ஸ் பாட்டுக்குழு பிரபலமா, இல்லையா? எனக்குப் புரியவில்லை. தாங்கள் இங்கே இருந்த காலத்தில் நம் 'வண்டி வருது வழிவிடு' பாட்டு இல்லாமல் ராயபுரத்தில் ஒரு கல்யாணம் நடந்ததுண்டா? அப்புறம் தாங்கள் வேலை மாற்றிப் போனீர்கள், குழு கலைந்தது, எனக்கு முன்பல் இரண்டு போய், பொய்ப்பல் கட்டிக்கொண்டேன். மறுபடியும் சேர்ந்து பாடலாம் என்று ஆசைகாட்டியது தாங்கள். பாட்டுகளையும் தாங்களே தேர்ந்தெடுத்துத் தபாலில் அனுப்பினீர்கள். முதல் ரெக்கார்டில் ஒரு மழைப் பாட்டு, ஒரு மனைவி இறந்த பாட்டு, ஒரு தாலாட்டு, அப்புறம் இன்னொரு மழைப் பாட்டு. கேட்டவர்கள் எல்லாம் தவக்காலம் வந்துவிட்டதா என்று கேட்டார்கள். சரி, போகட்டும் என்று இரண்டாவது ரெக்கார்டு போட்டோம். அதில் முதல் பாட்டு தங்கள் 'இருந்துவிட்டுப் போயேன்'. என் டிரம்பெட் ஆரம்பித்து, ஏறி இறங்கி, நான் மூச்சு வாங்குகிற இடத்தில் ஃப்ளோரன்ஸ் பாட ஆரம்பிப்பாள். அவள் இவ்வளவு நன்றாக எந்தப் பாட்டையும் பாடியதில்லை. இதை நான் அவளிடம் சொன்னதில்லை, தங்களிடம் சொல்கிறேன். அந்த ரெக்கார்டும் விற்கவில்லை. பாதிக்கு மேல் எங்கள் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது.

போன ஞாயிறு ஹார்பரில் என்னோடு வேலை பார்க்கும் செல்வநாதன் மகள் ஐரீனுக்கு ரிசப்ஷன். கோயில் ஹாலில் நம் கச்சேரி. எடுத்தவுடனே இந்தப் பாட்டுத்தான் என்று ஃப்ளோரன்ஸ் பிடிவாதம். ரெக்கார்டு வந்த பிறகு அவள் அதை ஜனங்களுக்கு முன்னால் பாடுவது இதுதான் முதல் தடவை. நான் டிரம்பெட்டை வாயில் வைத்து நாலு சுரம் ஊதினேனோ இல்லையோ, ஹால் முழுக்க முகம் மலர்ந்துவிட்டது மச்சான்! பிள்ளைகள் துள்ளினார்கள், பெரியவர்கள் தலையாட்டினார்கள், ஒரு அம்மாள் கண்ணை மூடிப் புன்னகை செய்தாள். அடடா, நமக்குத் தெரியாமலே நம் பாட்டு ஊரெல்லாம் பரவியிருக்கிறதே என்று நான் இன்னும் ஒரு முழம் உயர்த்தி ஊதினேன். முடித்தேன். ஃப்ளோரன்ஸ் வாயைத் திறந்து, 'இருந்துவிட்டுப் போயேன், இன்னும் விளக்கு எரியுதே' என்றாள். ஹாலே எழுந்து நின்றது. மரியாதைக்கு எழுந்தார்கள் என்று நினைத்தேன். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு எல்லாரும் பின்வாசல் வழியாக ஓடினார்கள். மாப்பிள்ளையும் எழுந்தார், ஐரீன்தான் கோட்டைப் பிடித்து உட்காரவைத்தாள். நம் டிரம்ஸ் லியோனார்ட் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டு அவர்களோடு போய்விட்டான். பின்கட்டிலிருந்து சமையல்கார சொக்கம்மாள் கரண்டியோடு ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"யோவ், இன்னாய்யா இது! பிரியாணி இன்னும் தம் ஒடைக்கல. அதுக்குள்ள உன்ன யாரு ஊதச் சொன்னது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஃப்ளோரன்ஸ் பாட்டை நிறுத்தவில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்துக் கடைசி வரி வரைக்கும் பாடினாள். தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவர் மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் புடவையைக்கூட மாற்றாமல், "இனி நான் பாட மாட்டேன், கோயிலிலும் பாட மாட்டேன்" என்றாள். மச்சான், அவள் அரிசி களையும்போதும் பாடுகிறவள். இப்போது வீட்டில் குழாய்த் தண்ணீர் சத்தம்தான் கேட்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

மறுநாள் ஒரு சோதனை செய்தேன். திருவொற்றியூரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அந்த டிரம்பெட் மெட்டை மட்டும் முனகினேன். பக்கத்தில் இருந்தவர் டம்ளரை வைத்துவிட்டு, "எங்க நைனா விருந்து? கறியா, கொயம்பா?" என்றார். இன்னும் குழம்பிப் போய், அந்த ரிசப்ஷனுக்கு மைக்செட் போட்ட ஜஹாங்கீரிடம் போனேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்த விசேஷத்துக்கும் அவன் மைக்செட்தான். அவன் கூச்சமே இல்லாமல் சொன்னான்:

"அது என் டெஸ்டிங் ரெக்கார்டு அண்ணாத்தே. பந்திக்குக் கூப்புடறதுக்கு மின்னாடி பந்தல்ல கட்ன ஸ்பீக்கர் கொயா சரியா பேசுதான்னு பாக்கணுமில்ல? உன் டிரம்பெட்டு மேலயும் போவுது, கீயவும் வர்து. கொயா கிஞ்சிருந்தா உடனே தெரிஞ்சிடும். அது முடிஞ்சதும் ஊசிய எட்த்துட்டு, 'எல்லாரும் சாப்ட வாங்க'ன்னு சொல்லுவேன். இப்பல்லாம் சொல்லவே வாணாம், ஜனங்களே எய்ந்து பூடறாங்கோ."

"ஏண்டா, அதுக்கு நம்ம ரெக்கார்டுதான் கிடைச்சுதா?"

"வேற எத போட்டு நட்வுல நிறுத்தினாலும் அடிக்க வர்றாங்கோ. இத யாரும் கேக்கறதில்ல."

ஆகவே மச்சான், நாம் பிரபலம். என் டிரம்பெட் வரைக்கும் பிரபலம். தங்கள் தங்கை வாயைத் திறக்கிற இடத்தில் ஊர் கை கழுவப் போய்விடுகிறது. இதை அவளிடம் எப்படிச் சொல்வேன்? அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். குழுவைக் கலைத்தாயிற்று. டிரம்பெட்டை வியாசர்பாடி பேண்டுக்காரர்கள் சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவது ரெக்கார்டுக்கு என்று தாங்கள் எழுதிய பாட்டுகளைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.

காணாமல் போனதைக் கண்டெடுத்துக் கொடுக்கும் அந்தோணியார் தங்கள் வீட்டுக்கு ஒரு குறையும் வைக்காமல் இருப்பாராக. எங்களுக்கு, உட்கார்ந்து கேட்கிற நாலு பேரைக் கண்டெடுத்துக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்
அருள்பிரகாசம்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் காலடிப்பேட்டையில் கிருஷ்ணப்பன் வீட்டுக் காதுகுத்துக்குப் போகவேண்டி வந்தது. ஃப்ளோரன்ஸும் பேசாமலே கூட வந்தாள். அங்கேயும் ஜஹாங்கீர்தான். வழக்கம்போல ரெக்கார்டில் ஊசியை வைத்துவிட்டு, குழாயைக் கவனிக்கப் பந்திப் பந்தலுக்குப் போனான். எத்தனை நாளாக அந்த ஆரம்பத்தை மட்டுமே தேய்த்திருக்கிறான்! அந்த இடம் மழமழவென்று ஆகிவிட்டதால் ஊசி நிற்காமல் வழுக்கி, நேரே ஃப்ளோரன்ஸின் குரலில் போய் விழுந்தது. அதற்கப்புறம் ஊசியே படாத புது ரெக்கார்டு, மணிமணியாகக் கேட்டது. டிரம்பெட் வராததால் ஜனங்கள் எழுந்திருக்கவில்லை. ஜஹாங்கீரும் டிரம்பெட் வரும் வரும் என்று அங்கேயே நின்றிருந்தான். பாட்டு முழுதும் ஓடியது மச்சான். சோறு ஆறியது, ஒருவரும் அசையவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு, "யாரும்மே பாடறது? மனச இன்னாமோ பண்ணுது" என்றாள். ஃப்ளோரன்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜஹாங்கீர் ஓடி வந்து, "ரெக்கார்டு வீணாப் பூச்சு அண்ணாத்தே, டிரம்பெட்டு வரல, ஒருத்தரும் சாப்ட எய்ந்திருக்கல, வேற ஒண்ணு குடு" என்றான். "எல்லாத்தையும் தர்றேன், நாளைக்கு வா" என்றாள் ஃப்ளோரன்ஸ். அதுதான் அவள் வாயைத் திறந்த முதல் பேச்சு.

மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். பாட்டுகளை உடனே அனுப்புங்கள், சோகப் பாட்டாகவே இருக்கட்டும். பேண்டுக்காரர்கள் தாராளமாக வந்து டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு போகட்டும். காலையிலிருந்து தங்கள் தங்கை கட்டிலுக்கு அடியில் இருந்த ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாக மடியில் வைத்து, ஆரம்பத்தில் நான் ஊதுகிற இடத்தை மட்டும் கொண்டை ஊசியால் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். பாடிக்கொண்டே சுரண்டுகிறாள். நான் தட்டு அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.