லேபிள் கடைசியில்தான்

"எங்கேஜ்டுங்க பாய்" என்றார் டெலிபோன் பூத்காரர். இதை அவர் பதினோராவது தடவையாகச் சொல்கிறார்.

சேக் தாவூது ரிசீவரைப் பிடுங்கித் தன் காதிலேயே வைத்துப் பார்த்தார். எங்கேஜ்டுதான். அதுவும் யாருடைய நம்பர்? அவருடைய சொந்தக் கம்பெனி நம்பர். சாயப்பட்டறையில் துணி வேறு நிறத்தில் வந்து நிற்கிறது, ஆபீசில் இருக்கிற சாம்பிளை உடனே கொடுத்தனுப்பச் சொல்ல வேண்டும். பகல் ஒன்றேகால் மணிக்கு, அரை மணி நேரமாக, ஒரு பனியன் கம்பெனி போனில் யார் யாரிடம் என்னத்தைப் பேசித் தொலைக்கிறார்கள்?

ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனார். ஆபீசில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். டைப்பிஸ்ட் சித்ரகலா மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். டிபன் பாக்ஸ் திறக்கப்படாமல் மேஜை மேல் கிடந்தது. பக்கத்தில், போன் லைனை இன்டர்நெட்டுக்காக வளைத்துப் பிடித்திருந்த மோடம் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. முதலாளியைக் கண்டதும் அவள் படபடவென்று எதையோ மூடினாள்.

"என்ன கண்ணு, சாப்பிடலியா?"

"பசிக்கலீங் சார்."

இருபத்திரண்டு வயசுப் பெண்ணுக்கு மத்தியானம் பசிக்கவில்லை என்றால் அதற்கு உலகத்தில் ஒரே காரணம்தான் உண்டு என்பது சேக் தாவூதின் கட்சி. அவருக்கும் ஒரு காலத்தில் பசிக்காமல் இருந்தது. அதன் பலனாகத்தான் சபுரா பீவி இருபது வருஷமாக அவர் வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறாள்.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். இப்போது அவர் தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது.

இரண்டாயிரமாவது வருஷம் அது. ஜனவரி ஒன்றாம் தேதி உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று திருப்பூரையே பயமுறுத்திய ஆட்கள், ஒன்றும் நிற்கவில்லை என்று தெரிந்ததும், பிப்ரவரியில் டை கட்டிக்கொண்டு வெப்சைட் போட்டுத் தருகிறோம் என்று வந்தார்கள். "என்ற பனியனத் தொட்டுப் பாக்காம எவனய்யா வாங்குவான்?" என்று அத்தனை பேரையும் வாசலோடு திருப்பி அனுப்பியவர் சேக் தாவூது. அடுத்த மாதமே, அவரிடம் சரக்கு வாங்கும் டென்மார்க் பையரிடமிருந்து மெயில் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை தங்கள் சப்ளையர் லிஸ்ட்டைத் திருத்தப் போகிறார்களாம். வெப்சைட் இல்லாத கம்பெனியும், அதிலேயே ஆர்டர் விசாரிக்க நிரப்பி அனுப்பும் பாரம் இல்லாத கம்பெனியும் லிஸ்ட்டில் இருக்காதாம்.

அந்த ஒரு பையர் போனால் நாற்பது மெஷினில் முப்பதுக்கு உறை போட்டு மூட வேண்டியதுதான். முப்பது டெய்லர்களின் முகத்தை எப்படிப் பார்ப்பது? இன்றைக்குத் திங்கள்.

வெப்சைட் வேலையை எடுத்திருந்தவர் அவினாசி ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்டு உட்கார்ந்திருந்த வேல்குமார். சாம்பிளைச் சாயப்பட்டறையில் சேர்த்துவிட்டு நேராக அவரிடம் போனார் சேக் தாவூது.

"மத்ததெல்லாம் ரெடிங்க பாய். உங்க போட்டோ, மெஷின் போட்டோ, உலக உருண்டை சுத்தறது, எல்லாம் ஏத்தியாச்சு. அந்த ஆர்டர் பாரம் ஒண்ணுதானுங்க பாக்கி. பையர் சைஸு, கலரு, எத்தன பீஸுன்னு அடிச்சு அமுக்குனா உங்க மெயிலுக்கு வந்து உழுகோணும். அது புரோகிராமுங்க, லேசுப்பட்ட வேலையில்ல. ஜாப் ஒர்க் குடுத்திருக்கறேன்."

ஜாப் ஒர்க் என்றதும் சேக் தாவூதுக்குப் பாதி நம்பிக்கை வந்தது. திருப்பூரில் எவன் முழுப் பனியனைத் தானே செய்கிறான்? துணி ஓட்டுவது ஒருவர், சாயம் போடுவது ஒருவர், பிரிண்ட் அடிப்பது ஒருவர், காஜா எடுப்பது ஒருவர். வெப்சைட்டுக்கு மட்டும் தனி நியாயமா என்ன?

"யாருகிட்டக் குடுத்திருக்கறீங்க?"

"அத மட்டும் கேக்காதீங்க பாய். செய்யறவங்களுக்கும் இது எந்தக் கம்பெனிக்குன்னு நான் சொல்லுலீங்க. நாளைக்கு அவங்க நேரா உங்ககிட்ட வந்து நின்னுட்டா என்ற பொழப்பு என்னாவறது? நீங்களே வெளிய தெக்கக் குடுத்தா லேபிளக் காட்டுவீங்களா?"

"எவன் காட்டுவான்? லேபிள் கடைசியிலதான்" என்றார் சேக் தாவூது. அதில் அவருக்குக் கர்வமே உண்டு. தைக்கக் கொடுத்த இடத்தில் பையர் பெயர் போட்ட லேபிள் கட்டை மறந்து வைத்துவிட்டு வந்த அவர் மச்சான், அந்தப் பையரையே அந்த இடத்துக்குப் பறிகொடுத்தவர். அதனால் மேற்கொண்டு கேட்காமல், புதன்கிழமைக்குள் வேண்டும் என்று மட்டும் சத்தம் போட்டுவிட்டு எழுந்தார்.

சாயங்காலம் ஆபீசுக்கு வந்ததும் முதல் வேலையாக மோடத்தின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இனிமே மெயில் பாக்கோணும்னா நான் வந்து மாட்டித் தருவேன். பாத்ததும் கழட்டிருவேன்."

சித்ரகலாவின் முகம் செத்துப் போனது. "சார், மத்தியானம் ஒரு மணி நேரமாச்சும்..."

"போனு பிசினஸுக்கு, கண்ணு."

செவ்வாய்க்கிழமை போன் கணீரென்று வேலை செய்தது. முதல் வேலையாக வேல்குமாரைக் கூப்பிட்டார்.

"சின்னச் சிக்கலுங்க பாய். செய்யற எடத்துல நேத்திலிருந்து இன்டர்நெட்டு கெடைக்க மாட்டீங்குதாம். செஞ்சத ஏத்திப் பாக்க முடியலியாமா."

"ஒரு லைனுக்கு வக்கில்லாத எடத்துல ஏனய்யா வேலையக் குடுக்கறீங்க?"

"நாளைக்குச் சரியாயிருமுங்க. அதுவரைக்கும் லைன் இல்லாமயே எழுதி வெக்கறாங்களாம்."

கடுப்போடு போனை வைத்துவிட்டுத் திரும்பினால், லைன் இல்லாமலேயே சித்ரகலா கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறாள்! அவர் எட்டிப் பார்ப்பதற்குள் மூடிவிட்டாள். சும்மா இருக்கிற கைதான் வம்பு தேடும் என்று முடிவு கட்டினார் சேக் தாவூது. பரணில் ஐந்து வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய ஆர்டர் பைல்களை இறக்கி, தூசியோடு அவள் மேஜையில் குவித்தார்.

"இது அத்தனையும் கம்ப்யூட்டர்ல ஏறோணும். இந்த வாரத்துக்குள்ள."

"இது... எதுக்குங் சார்?"

எதற்கு என்று அவருக்கும் தெரியாது. "டென்மார்க்காரன் கேட்டா?" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

புதன்கிழமை வேல்குமாரின் குரலில் சுருதி இறங்கியிருந்தது.

"இன்னிக்கு முடியாதுங்க பாய். அங்க திடீர்னு வேற லோடு ஏத்திட்டாங்களாம். மூச்சு உட நேரமில்லியாமா."

"நாம மொதல்ல குடுத்த வேலைய உட்டுப்போட்டு எவன் வேலையச் செய்யறாங்க? அவனெல்லாம் ஒரு மனுசனா?" என்று கத்தினார். கத்திய கத்தலில் ஓவர்லாக் மெஷின்கள் ஒரு நிமிஷம் நின்றன. பிபி மாத்திரையை மறந்து அன்றைக்கு இரண்டு தடவை போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் வழக்கத்துக்கு மாறாக எட்டு மணிக்கே ஆபீசுக்கு வந்தார். சித்ரகலா அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்து கிடந்தது. இந்தத் தடவை அவர் பூனை நடை நடந்து பின்னால் போய் நின்று திரையைப் பார்த்துவிட்டார்.

தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. அடைப்புக்குறி, கொக்கி, டாலர், மறுபடியும் கொக்கி. இப்படியே பத்தி பத்தியாக. சேக் தாவூதுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடுத்தவர் படித்தாலும் புரியக் கூடாதென்று சங்கேதத்தில் அல்லவா எழுதிக்கொள்கிறார்கள்!

"ஐயையோ, சார்!" அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"என்னது இது?"

"ஒரு... ஒரு வேலைங் சார். என்ற சொந்த வேலை. ஆபீஸ் வேலைக்கு எடையில செய்யலீங், சத்தியமா. மத்தியானச் சோத்து நேரத்துலயும் காத்தாலயும்தானுங்..."

"தெரியும், தெரியும். நானும் அந்த வயசத் தாண்டித்தான் வந்தேன்." கம்ப்யூட்டரிலிருந்து, அதையெல்லாம் பதிந்து வைத்திருந்த ப்ளாப்பியை உருவி, ஒயர் கிடந்த அதே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "உங்கய்யன் என்னை நம்பி அனுப்பிச்சிருக்கறாரு. இத அவருகிட்டக் காட்டிக்கறேன். நீ கெளம்பு. நாளையிலிருந்து வர வேண்டாம்."

அவள் அழுதுவிட்டாள். "வேலை போனாப் போகுதுங் சார். அந்த ப்ளாப்பிய மட்டும் குடுத்துருங். அதுக்காவ ஒருத்தங்க சாயங்காலம் காத்துட்டு இருப்பாங்க!"

"இருப்பான், இருப்பான்! காத்தே கெடக்கட்டும்."

டிபன் பாக்ஸைக்கூட எடுக்காமல் அவள் போனாள். சேக் தாவூதுக்கு மனசு என்னவோ செய்தது. நல்ல பெண்தான். ஆனாலும் ஒரு கடமையைச் செய்தோம் என்று தன்னைத் தானே தட்டிக் கொடுத்துக்கொண்டார்.

பகல் மூன்று மணிக்கு வேல்குமாரே போன் செய்தார். அழாத குறை.

"பாய், மோசம் போயிட்டமுங்க. ஜாப் ஒர்க் செஞ்ச ஆளு கைய விரிச்சிருச்சாம்."

சேக் தாவூதின் கண் முன்னால் முப்பது உறைகள் வரிசையாக மெஷின் மேல் விழுந்தன. "யாரு அந்த ஆளு? எங்க இருக்குது?"

"அதெப்படிங்க பாய், தொழில்ல ஒரு..."

"லேபிளாவது மண்ணாங்கட்டியாவது! எடத்தச் சொல்லுய்யா!"

சொன்னார். அனுப்பர்பாளையத்தில் அனிதா என்று ஒரு டீச்சர் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாராம். அவரிடம்தான் கொடுத்தாராம். அவர் எந்தக் கையை வைத்துச் செய்தாரோ, அது வேல்குமாருக்கே தெரியாதாம்.

அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறையின் மாடியில் இருந்தது சென்டர். கீழே டங்கு டங்கென்று பித்தளைக் குண்டாவை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வோர் அடியும் தன் மண்டையில் விழுவதுபோல் இருந்தது சேக் தாவூதுக்கு. மூச்சிரைக்க மாடி ஏறினால், உள்ளே டீச்சர் இல்லை. கூட்டிப் பெருக்குகிற மாரக்காள் மட்டும் விளக்குமாற்றோடு நின்றாள்.

"டீச்சரு இல்லீங்களே. காங்கேயத்துக்குப் பஸ் ஏறிப் போயிருக்குதுங்."

"காங்கேயத்துல என்ன?"

"இங்க படிச்ச புள்ள ஒண்ணுங். ரொம்பக் கெட்டிக்காரி. டீச்சருக்கு வார வேலையெல்லாம் அதுதானுங் செஞ்சு குடுக்கும். காத்தால அழுதுட்டே வந்து சொல்லிப்போட்டு, அதும்பட ஊட்டுக்கே போயிருச்சுங். ஏதோ பனியன் கம்பெனிக்காரரு நாளைக்குள்ள வேணுமின்னு குதியா குதிக்கறாராமா. அதான் டீச்சரு தேடிப் போயிருக்குது."

"குதிக்கறது நான்தானம்மா!" சேக் தாவூது தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தார். "அந்தப் புள்ள வேலைய முடிச்சுதா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"காத்தாலயே முடிச்சிருச்சாமுங். பாவம், அது வேலை செய்யற எடத்துல மொதலாளின்னு ஒருத்தர் இருக்கறாராமா. திங்கக்கெழமையிலிருந்து அத ஒரு வேலை செய்ய உடுலியாமா. இன்னிக்கு, போடின்னு தொரத்தியே உட்டுட்டாராமுங்."

சேக் தாவூதுக்கு ரத்தம் கொதித்தது. அவருடைய டென்மார்க், அவருடைய நாற்பது மெஷின், அவருடைய முப்பது டெய்லர்கள், எல்லாவற்றையும் எவனோ ஒரு முசுடு இப்படிக் கவிழ்த்துவிட்டானே! இரண்டு நாளாகத் தேக்கி வைத்திருந்த ஆத்திரத்துக்குக் கடைசியில் ஓர் ஆள் கிடைத்துவிட்டான். பெஞ்சிலிருந்து எழுந்து கையை மடித்து விட்டுக்கொண்டார்.

"அந்த ஆளு பேரச் சொல்லுங்க ஆத்தா. இப்பவே போயி அவன் சட்டையப் புடிச்சு உலுக்கி நாயம் கேக்கறேன்!"

மாரக்காள் விளக்குமாற்றை ஓரமாகச் சாத்தி வைத்துவிட்டு, கும்பிடாத குறையாகச் சொன்னாள்:

"உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க, நல்லாக் கேளுங்க, யாரோ சேக் தாவூதாமா, அந்தப் புள்ள முடிச்சு வெச்ச ப்ளாப்பியக்கூடப் புடுங்கித் தன்ற சட்டப் பையில போட்டுட்டாராமுங்!"