பார்க்கிங்கில் இரண்டு படகுகள்

“மாமா, உங்க கால் தண்ணில இருக்கு” என்றார் அச்சுதன்.

மாமனார் பத்ரிநாத் குனிந்து பார்த்தார். கால், சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே சிமெண்ட் தரையில் நீண்டிருந்தது.

“ஜில்லுனுதான் இருக்கு மாப்பிள்ளை” என்று உள்ளே இழுத்துக்கொண்டார்.

நிக்டியில் அவர்கள் குடியிருப்பின் பார்க்கிங் அது. வாங்கப்போகும் அலுமினியப் படகை அச்சுதன் அங்கே அளவு பிசகாமல் வரைந்திருந்தார். கட்கியில் இஸ்மாயில் பாய் கடையில் இரண்டு படகுகள் இருந்தன. பன்னிரண்டடிப் படகுக்குத் தட்டையான அடி, அதிகம் ஆடாது. பதினான்கடிப் படகுக்குக் கூரான அடி; அலையைக் கிழித்துக்கொண்டு போகும். எது என்றுதான் முடிவாகவில்லை.

ஏன் என்பது முடிவாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டின் நான்கு பேரும் நான்கு மூலையில் இருந்தார்கள். ஓட்டலுக்குப் போனால் நான்கு போன்களும் கூடவே சாப்பிட வந்தன. பவனா அணைத் தண்ணீரின் நடுவில் யாரும் எழுந்து போக முடியாது.

“ஏன்னா, மீன் பிடிக்கிற போட்டுன்னா போட்டிருக்கு? நமக்கெதுக்கு?” என்றாள் மனைவி ஸ்ரீரஞ்சனி, கடை விளம்பரத் தாளைப் பார்த்து.

“மீன் பிடிக்க வேண்டாம். உக்காந்தா போதும்.”

“தயிர்சாதத்தைப் பார்த்து மீனெல்லாம் சிரிக்கும்.”

மாமனாரின் காலுக்காக, அடுத்த வாரம் அந்தப் பன்னிரண்டடிக் கோடுகளின் மேலேயே பதினான்கடிப் படகையும் வரைந்தார்.

“அப்பா, நான் எந்த போட்ல இருக்கேன்?” என்றாள் மகள் வைஷு.

“ரெண்டுலயும் இல்லை. மூழ்கிண்டிருக்கே.”

பெரிய படகை ரோஸ் சாக்பீஸால் திருத்தினார். அதன் மூக்கு, சொசைட்டி செயலாளர் குல்கர்ணியின் காருக்கு அடியில் போனது. காரை எடுக்கச் சொன்னார்கள். எடுத்த குல்கர்ணி, “அரே, போட் ஹை க்யா?” என்று, படகா இது என வியந்து, பின்பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டார். எடைக் கணக்கு முழுவதும் மாறியது.

“வெயில்ல அலுமினியம் தோசைக்கல்லாட்டம் சுடுமே” என்றாள் ஸ்ரீரஞ்சனி அடுத்த வாரம், பிளாஸ்கைத் திறந்தபடி.

அச்சுதன் கடைக்குப் போன் செய்து மரப்பலகை கேட்டார்.

“செஞ்சிடலாம் சார்” என்றார் இஸ்மாயில் பாய்.

“பலகைன்னா முதுகு வலிக்கும்” என்றார் பத்ரிநாத்.

அச்சுதன் சாய்மானமும் கேட்டார்.

“செஞ்சிடலாம் சார்.”

“எடை மேல ஏறினா கவுந்துடும்பா. பிசிக்ஸ்” என்றாள் வைஷு, வடாபாவைக் கடித்துக்கொண்டே.

சாய்மானத்தை நீக்கி, வெயிலுக்குக் கூரை போடலாம் என்றார். கூரை காற்றைப் பிடிக்கும் என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அது எந்தத் திசைக் காற்று என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை வந்தது. பார்க்கிங் விளக்குகள் எரியத் தொடங்கியும் யாரும் எழுந்திருக்கவில்லை. மழை பெய்த ஞாயிறு படகுகள் அழிந்தன. அச்சுதன் குடையோடு இறங்கியபோது, வைஷுவே மழை படாத உள்பக்கமாக இரண்டையும் மறுபடி வரைந்துகொண்டிருந்தாள்.

இப்படியே போனால் தண்ணீரைப் பார்க்கவே போவதில்லை என்று அச்சுதனுக்குத் தோன்றியது.

“போதும்! பதினாலடி. இப்பவே சொல்லிடறேன்.”

“அவசரப்படாதீங்கோ” என்றாள் ஸ்ரீரஞ்சனி.

“கலரே பார்க்கலையேப்பா.”

“துடுப்பைப் பத்தி இன்னும் பேச்சே எடுக்கலையே மாப்பிள்ளை!”

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டார். “இஸ்மாயில் பாய், பதினாலடி. நாளைக்கே வந்து எடுத்துண்டு போறேன்.”

படகில் இருந்த மூவரும் மூன்று பக்கம் பார்த்தார்கள்.

“சார்” என்று இஸ்மாயில் பாய் தொண்டையைச் செருமினார். “ரெண்டு போட்டும் போன மாசமே வித்துப்போச்சு. உங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு உங்க வீட்டுல மூணு பேரும் தனித்தனியா போன் பண்ணிக் கேட்டுக்கிட்டாங்க.”