ஈரவிறகுத் திட்டம்

எங்கள் புது வீட்டில் குசினி அடுப்பையும் சாமி விளக்கையும் தவிர வேறெங்கும் நெருப்பு எரியக்கூடாது என்று நான் முடிவெடுத்தேன். இது குடும்பத் தலைவனின் கட்டளை. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. நான் போட்ட கட்டளைகளில் இன்றுவரை மீறப்படாதவை, சொல்லாமல் விட்டவை மட்டும்தான்.

என் பெயர் பாலேந்திரா. வீட்டுக் காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் வேலை. லண்டனில் யாருடைய வீடாவது எரிந்தால் அதன் படங்கள் என் மேசைக்கு வரும். கருகிய சோபா. கருகிய படிக்கட்டு. பாதி உருகி, நாக்கைத் தொங்கப்போட்டதுபோல் நிற்கும் டிவி. தினமும் காலைத் தேத்தண்ணியோடு இவற்றைப் பார்க்கிறவன் எப்படி இருப்பான்? பஸ் வரும் நேரத்தில் வீட்டுக்குத் திரும்பி ஓடி, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்ப்பவனாக இருப்பான். நான் அப்படித்தான் இருக்கிறேன். பஸ் டிரைவர்களுக்கு என்னைத் தெரியும்.

இப்படிப்பட்டவன் நோர்பரியில் வாங்கிய வீட்டின் முன்னறையில், சுவரில் இருந்த பழைய கணப்புப் பொந்துக்குள், கண்ணாடிக் கதவு வைத்த ஓர் இரும்புப் பெட்டி செருகியிருந்தது. விறகு எரிக்கும் ஸ்டவ். வீடு பார்க்கப் போன நாளில் நான் கூரை ஒழுகுகிறதா என்று பார்த்தேன், வயரைப் பார்த்தேன், பக்கத்து வீட்டு மரத்தின் வேரைக்கூடப் பார்த்தேன். என் மனைவி செல்வமலர் அந்தப் பெட்டியை மட்டும் பார்த்தாள். அதன் முன்னால் குந்தி, கதவைத் திறந்து மூடி, "இந்த வீடுதான்" என்றாள். வீடு வாங்கப்பட்டுவிட்டது.

குளிர் தொடங்கியதும் கதை தொடங்கியது.

"இஞ்சருங்கோ, நெருப்புப்பெட்டியைப் பத்தவைப்பமே?"

"நெருப்புப்பெட்டியாலைதானே பத்தவைக்கிறது. நெருப்புப்பெட்டியை ஏன் பத்தவைப்பான்?"

"பகிடி காணும், விடுங்கோ. எனக்குக் குளிருது."

"ரேடியேற்றர் போட்டுத்தானே கிடக்கு."

"அது சும்மா சுடும். நெருப்பெண்டால் கதைக்கும்."

"கதைக்கத்தானே நான் இருக்கிறன்."

"அதாலைதான் கேக்கிறன்."

நான் ஆயுதத்தை எடுத்தேன். "செல்வம், கார்பன் மொனொக்சைட் எண்டால் என்னெண்டு தெரியுமே உமக்கு? மணமில்லை. நிறமில்லை. நித்திரையிலை ஆளைக் கொண்டுபோயிடும். ஒபீசிலை நான் பாத்த கேசுகளைச் சொன்னால் நீர் சாப்பிடமாட்டீர்."

"அதுக்கெண்டு அலாரம் வாங்கி வைச்சாச்சு. தட்டிலை பாருங்கோ."

பார்த்தேன். வெள்ளையாக ஒன்று பச்சைக் கண்ணைச் சிமிட்டியது. அதுவும் அவள் கட்சி.

"சிம்னி அடைச்சிருந்தால்?"

"வீடு வித்தவை போன வரியம் துப்புரவாக்கினவையாம். இந்தமுறையும் ஆளைக் கூப்பிடுவம்."

"தணல் தெறிச்சு?"

"கதவு பூட்டியெல்லோ எரியிறது."

என்னிடம் இன்னும் நிறையக் கேள்விகள் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருப்பது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. ஆகவே இறங்கி வந்தேன். அல்லது இறங்கி வருவதுபோல் நடித்தேன்.

"சரி. சனி, ஞாயிறிலை மட்டும். நான்தான் பத்தவைப்பன். கிழமை நாளிலை நானில்லாத நேரம் நீர் அதைத் தொடக்கூடாது."

"ஓம்" என்றாள்.

செல்வமலர் வாதாடாமல் ஓம் சொன்னால் நான் கவலைப்பட வேண்டும். அன்றைக்கு நெருப்பைப் பற்றிய கவலையே மூளை முழுக்க இருந்ததால், அந்தக் கவலைக்கு இடம் போதவில்லை.

என் திட்டம் இதுதான். நெருப்பு என்று ஒன்று எரிந்தே ஆகவேண்டும் என்றால் அது சின்னதாக எரியட்டும். சின்ன நெருப்பு, சின்ன ஆபத்து. காற்று போகும் வாய்க்கு முன்னால் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. அதைத் தள்ளி மூடிவிட்டால் நெருப்பு மூச்சுமுட்டிப் படுத்துவிடும். விறகும் ஈரமாக இருந்தால் எழும்பவே எழும்பாது. சூடும் வராது, அழகும் வராது. இரண்டு மூன்று வாரத்தில் செல்வமலர் அலுத்துப்போய், "இதை விடுங்கோ, ரேடியேற்றரைப் போடுங்கோ" என்பாள். பிறகு அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஒரு பூச்சாடி. என் பயத்துக்கு அடக்கம்.

ஈரவிறகுக்கு யாக்கோப்பு அண்ணையிடம் போனேன். மூன்றாவது வீடு. ஜேர்மனியில் வெகுகாலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். அவர் வீட்டிலும் இதே மாதிரி ஒரு ஸ்டவ். அவருடைய பின்வளவில் நின்ற பிளம்ஸ் மரம் அந்த வாரக் காற்றில் சரிந்திருந்தது. கோடாலியோடு நின்றார்.

"அண்ணை, கொஞ்சம் விறகு தருவியளே?"

"தாறன், தாறன். கராஜுக்கை நல்லாக் காய்ஞ்சது அடுக்கியிருக்கு, வாரும்."

"வேண்டாம், இதே காணும். இப்ப வெட்டினது."

அவர் கோடாலியைக் கீழே வைத்தார். "தம்பி, இது பச்சை. பிழிஞ்சால் தண்ணி வரும். ரெண்டு வரியம் காயவேணும்."

"பரவாயில்லை அண்ணை."

"எரியாது."

"அதுவும் பரவாயில்லை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல், துண்டு துண்டாகப் பொறுக்கிப் பையில் போட்டுத் தந்தார். நல்ல மனுசன், தலையிடாதவர் என்று நினைத்தேன்.

முதல் சனிக்கிழமை. செல்வமலர் தேத்தண்ணியும் முறுக்கும் கொண்டுவந்து, கணப்புக்கு முன்னால் படம் பார்க்க வந்தவள்போல் இருந்தாள். நான் பேப்பரைக் கசக்கிப் போட்டு, சுள்ளி வைத்து, மேலே பிளம்ஸ் விறகை ஏற்றினேன். பற்றவைத்தேன். பேப்பர் எரியும் மட்டும் நன்றாக இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்துக்கே என் நெஞ்சு அடித்த அடியில் அலாரம் கத்திவிடுமோ என்று பயந்தேன். நெம்பைப் பிடித்து மூடினேன்.

விறகு உஸ் என்றது. முனையில் நுரை தள்ளியது. பிறகு உள்ளே ஒரு சாம்பல் நிறப் பனிமூட்டம். கண்ணாடி மெல்ல மெல்லக் கறுத்தது.

"ஏனப்பா, விறகு கண்ணீர் விடுது?"

"அது சத்து வெளியிலை வருது."

"நெருப்பைக் காணேல்லையே."

"உள்ளுக்கைதான் இருக்கு. பாதுகாப்பா இருக்கு."

"வீடெல்லாம் புகை மணக்குது."

"குளிர்காலத்திலை கொஞ்சம் புகைச்சல் இருக்கத்தான் செய்யும். வீட்டுக்கு வீடு."

அவள் முறுக்கைக் கடித்தபடி கறுத்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஏமாற்றம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

இப்படியே பல வாரங்கள். சனி, ஞாயிறு நான் புகைபோடுவேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து பார்த்தால் கண்ணாடி பளிங்குபோல் இருக்கும். பாவம், துடைத்துத் துடைத்துக் களைத்துப் போகிறாள், இன்னும் கொஞ்ச நாள்தான் என்று கணக்குப் போட்டேன். கிழமை நாட்களில் வேலை முடிந்து வந்தால் முன்னறை கணகணவென்று இருக்கும். ரேடியேற்றர்களில் அடைத்திருந்த காற்றை நானே திறந்து விட்டிருந்தேன். அந்தச் சூடு என் கைவேலை. ஒபீசில் இரண்டு பேருக்கு அதை எப்படிச் செய்வது என்று சொல்லியும் கொடுத்தேன்.

டிசம்பரில், நத்தாருக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை, கேற்றில் ஒரு வான் வண்டி நின்றது. நீளத் தடியும் பிரஷுமாக ஒரு பெண்பிள்ளை இறங்கியது. யாக்கோப்பு அண்ணையின் தங்கையின் மகளாம், மரினா. ஜேர்மனியில் இந்தத் தொழிலுக்கென்று படித்துவிட்டு வந்து, இங்கே சிம்னி துப்புரவு செய்கிறாளாம். செல்வமலர்தான் கூப்பிட்டிருந்தாள். எனக்கு அது கடைசிச் சந்தர்ப்பமாகத் தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கேற்றுக்கு ஓடினேன்.

"பிள்ளை, ஒரு சின்ன உதவி. பாத்து முடிச்சதும் அன்ரியிட்டை, இதைப் பாவிக்க ஏலாது, ஆபத்து எண்டு சொல்லிவிடும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

"பாக்காமல் எப்பிடிச் சொல்றது, அங்கிள்?"

"இதுக்குப் பாக்கவும் வேணுமே? நெருப்பெண்டால் ஆபத்துத்தானே."

"இருங்கோ, பாத்திட்டுச் சொல்றன்" என்று சிரித்துக்கொண்டு உள்ளே போனாள்.

துணி விரித்தாள். தடியைத் தடியோடு பொருத்தி மேலே தள்ளினாள். கறுப்பாக, மினுமினுவென்று, உடைந்த கண்ணாடிபோல் ஏதோ பொலபொலவென்று விழுந்தது. ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது தார், அங்கிள். ஈரவிறகைப் போட்டு, காத்தையும் மூடினால் புகை மேலை போய் ஆறி இப்பிடிப் படியும். இது நெருப்புப் பிடிக்கும். அடுப்பிலை இல்லை, சிம்னிக்குள்ளை. இன்னும் கொஞ்ச நாள் இப்பிடி எரிச்சிருந்தால் கூரை வரைக்கும் போயிருக்கும். காத்தை மூடின அடுப்பிலைதான் கார்பன் மொனொக்சைட்டும் கூட வரும்."

சோபாவில் போய்க் குந்தினேன். இதே சோபா கருகி, படமாகி, என்னுடைய மேசைக்கே வருவது தெரிந்தது. படத்துக்குக் கீழே காரணம் என்ற இடத்தில் என் பெயர். கவனமாக இருக்கிறேன் என்று நினைத்து, வாராவாரம் வீட்டின் தலைக்கு மேல் வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அப்ப பாவிக்க ஏலாது, என்ன?" என்றேன்.

"இப்ப துப்புரவாக்கியாச்சு, பாவிக்கலாம். ஆனால் எனக்கொண்டு விளங்கேல்லை." அவள் குனிந்து உள்ளே லைற் அடித்தாள். "மேலை தார். கீழை அடுப்புக்குள்ளை சூளைக்கல் வெள்ளையாக் கிடக்கு. நல்லாக் காய்ஞ்ச விறகை நல்ல சூட்டிலை எரிச்சால்தான் கல் இப்பிடி வரும். ஒரு அடுப்பிலை ரெண்டு பேரின்ரை கை தெரியுது. ஒராள் நல்லா எரிக்கிறா. ஒராள்…" என்று என்னைப் பார்த்து நிறுத்தினாள். வளர்ப்பு நல்லது.

நான் செல்வமலரைப் பார்த்தேன். அவள் மரினாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"செல்வம், நீர் கிழமை நாளிலை இதை எரிச்சனீரே?"

"ஓம்."

"எப்ப தொடக்கம்?"

"நீங்கள் தொடக்கூடாதெண்டு சொன்ன திங்கள் தொடக்கம்."

"அப்ப ரேடியேற்றர்?"

"அதைப் பின்னேரத்திலை நிப்பாட்டிவிடுவன்."

ஒபீசில் நான் பாடம் எடுத்த இரண்டு பேரும் கண்ணுக்குள் வந்து போனார்கள்.

"ஆர் பழக்கினது?"

"யாக்கோப்பு அண்ணை. விறகும் அவரின்ரை கராஜிலை இருந்துதான். நீங்கள் பச்சை விறகு கேட்டனீங்கள் எண்டு அண்டைக்கே வந்து சொல்லிச் சிரிச்சவர்."

"தெரிஞ்சும் ஏன் என்னைத் தடுக்கேல்லை?"

"தடுத்தால் நீங்களும் காய்ஞ்ச விறகு கேப்பியள். அவரிட்டை இருந்தது எனக்கு மட்டும்தான் போதும். சிம்னியைப் பற்றி யோசிச்சுத்தான் பிள்ளையைக் கூப்பிட்டனான். அவ வரப் பிந்திப் போச்சு."

மரினா தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அவள் போனபிறகு, அன்றைக்கே செல்வமலர் நெருப்பு மூட்டினாள். எனக்கு முன்னால், ஒளிக்காமல். பெரிய விறகைக் கீழே வைத்தாள். அதன்மேல் சுள்ளி. உச்சியில் ஒரு சின்னப் பற்றவைக்கும் கட்டி. காற்று நெம்பை முழுக்கத் திறந்து கொளுத்திவிட்டு, கதவைச் சாத்தினாள். நெருப்பு மேலிருந்து கீழே, அவசரமில்லாமல் இறங்கி வந்தது. விறகெல்லாம் பற்றியபிறகுதான் நெம்பைக் கொஞ்சம் குறைத்தாள். மூடவில்லை. புகை இல்லை, மணம் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் பொன்னாக ஒரு நெருப்பு மெல்லக் கதைத்துக்கொண்டிருந்தது.

நான் அலாரத்தைப் பார்த்தேன். பச்சை. திரும்பவும் பார்த்தேன். பச்சை. பிறகு பார்க்க மறந்துவிட்டேன். கை காய்ந்தது, கால் காய்ந்தது, எத்தனையோ காலமாக முதுகுக்குள் இருந்த ஏதோ ஒன்றும் இளகியது. உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை நேரத்துக்கே எழும்பி, கராஜ் விறகு கொஞ்சம் வாங்கி வந்து, கணப்புக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தேன். "இண்டைக்கு நான் மூட்டுறன். எல்லாம் பாத்து வைச்சிருக்கிறன்."

"நீங்களே? வேண்டாம். உங்களுக்கு நெருப்பெண்டால் பயம்."

"இப்ப பயமில்லை, செல்வம்."

"பயமில்லாத ஆளை நெருப்புக்குக் கிட்ட விடுறது அதைவிட ஆபத்து" என்றாள். "எண்டாலும் உங்களுக்கொரு பெரிய வேலை இருக்கு. இங்கை சிம்னியாலை கரும்புகை போகக்கூடாது, கவுன்சில் விடாது. ஒராள் வெளியிலை நிண்டு பாக்கவேணும். உங்களைவிடப் பொறுப்பான ஆள் ஆர் இருக்கு?"

பொறுப்பு என்ற சொல்லுக்கு நான் எப்போதும் எழும்பிவிடுவேன். எழும்பினேன். ஜாக்கெட்டை அவளே போட்டுவிட்டாள். கதவையும் அவளே சாத்தினாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தேன். குளிரில் கால் விறைத்தது. உள்ளே யாக்கோப்பு அண்ணையும் மரினாவும் முறுக்குத் தட்டோடு கணப்பைச் சுற்றி இருப்பது யன்னலூடாகத் தெரிந்தது. பின்கதவால் வந்திருக்க வேண்டும். செல்வமலர் யன்னலை ஒரு விரல் அளவு திறந்தாள்.

"புகை வருதே?"

வந்தது. அந்தத் தெரு முழுவதிலும், என்னுடைய வாயிலிருந்து மட்டும்.