கல்லைப் பார்த்துப் போங்க

டோனோபா,
ஞாயிறு காலை

இல்லை பெரியப்பா, உச்சிக்குப் போகவில்லை. பாதியிலேயே திரும்பிவிட்டோம். "பையன் பயந்துதான் திரும்பினீங்களாமே, உங்கப்பன் வெர்ன் போன்ல சொன்னான், நிஜமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். மதிப்பிற்குரிய ஆர்லோ பெரியப்பா அவர்களுக்குத் தங்கள் தம்பி மகன் டாரல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. எல்கோவில் தாங்களும் தங்கள் முதுகுவலியும் நலமா? இங்கே வெயில் மிகவும் நலம். மரியாதை முடிந்தது, இனி விஷயம்.

நான் காலேஜை விட்டதிலிருந்து அப்பா என்னோடு நேராகப் பேசுவதில்லை. டிவியிடம் சொல்லுவார். "பாதியில விட்டவனுக்கெல்லாம் முழுப் படம் எதுக்கு" என்று டிவியைப் பார்த்துச் சொல்லிவிட்டு அணைத்துவிடுவார். அப்படிப்பட்டவர் திடீரென்று என் முகத்தைப் பார்த்து, "கழுதைக்காது மலைக்குப் போறேன், வர்றியா" என்று கேட்டால் நான் என்ன செய்வேன்? பூட்ஸைத் தேடினேன். இத்தனைக்கும் டாக்டர் அப்போதுதான் அவருக்கு இதயத்துக்கு மாத்திரை கொடுத்திருந்தார், படி ஏறும்போதுகூட நின்று நின்று ஏறச் சொல்லி. படியைத்தானே சொன்னார், மலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா என்பது அப்பாவின் வாதம். ஜூன் மாதத்தில் புத்தியுள்ள பல்லிகூட அந்த மலையில் கல்லுக்கடியில்தான் கிடக்கும். பாதையும் கிடையாது. அதனால் அப்பா உங்களுக்குப் போன் போட்டார். சின்ன வயதில் ஏறியவர் நீங்கள். நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: "கல்லுக் குவியலப் பாத்துப் போங்க." அதோடு லைன் போய்விட்டது.

பார்த்துத்தான் போனோம் பெரியப்பா. வறண்ட ஓடையை விட்டு மேலே ஏறியதுமே முதல் குவியல் தெரிந்தது, இடுப்பளவு உயரத்துக்கு. அப்பாவுக்கு ஒரே பூரிப்பு. "எங்கண்ணன் சொன்னா சரியா இருக்கும்டா." மலை ஏறுகிறவர்கள் வழக்கப்படி ஒரு வெள்ளைக் கல்லைப் பொறுக்கி அதன் தலையில் வைத்தார். அங்கிருந்து பார்த்தால் அடுத்தது தெரிந்தது. சரளை காலுக்கடியில் வழுக்குகிறது, பிடிக்கப் போனால் எல்லாம் முள், ஆனாலும் போய்ச் சேர்ந்தோம். அங்கேயும் ஒரு வெள்ளைக் கல் வைத்தார். இப்படியே ஒன்றிலிருந்து ஒன்றுக்கு. நடுவில் ஒரு இடத்தில் நான் கால் வைத்த பலகை முறிந்து உள்ளே விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவேயில்லை. சரியாக மூடாத பழைய சுரங்கக் குழி. "பாத்து வாடா, துரைக்குக் கண்ணு பிடரியிலயா" என்றார் அப்பா. அதற்கப்புறம் வந்த குவியலில் ஏற்கெனவே ஒரு வெள்ளைக் கல் இருந்தது. அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டார். "பாத்தியா, நமக்கு முன்னாடி எவனோ ஒரு நல்ல மனுஷன் போயிருக்கான்."

அந்த நல்ல மனுஷன் இவர்தான் பெரியப்பா. பக்கத்திலேயே அவர் தின்று போட்ட உப்புக்கண்டத்தின் உறை கிடந்தது. காலையிலிருந்து ஒரு சதுரத்தைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"குவியல் கிட்ட ஏன்டா போனீங்க" என்று உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு முழுதாக விளங்கியது. மலை ஏறுகிறவனுக்குக் கல் குவியல் என்றால் 'இப்படி வா'. சுரங்கத்திலேயே பாதி ஆயுளைக் கழித்த உங்களுக்கு அது எவனோ தோண்டுவதற்கு வளைத்துப்போட்ட இடத்தின் மூலைக்கல், உள்ளே குழி இருக்கும், விலகிப் போ. நீங்கள் ஜாக்கிரதையாகப் போகச் சொன்னீர்கள். நாங்கள் அதையே தேடித் தேடிப் போனோம். ரெண்டு பேரும் ஒரே தாய் வயிற்றில்தானே பிறந்தீர்கள், இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துப் பேசினால் என்ன குறைந்துவிடும்?

அதற்குள் தண்ணீர் முக்கால்வாசி காலி. அப்பாவுக்கு வேர்ப்பது நின்றுவிட்டது. முகம் செங்கல் மாதிரி. வழியில் ஆள் மாதிரிக் கை விரித்து நின்ற ஒரு யோசுவா மரத்திடம், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது.

"அப்பா, திரும்பிரலாம்."

"ஏன், துரைக்குக் கால் வலிக்குதா?"

"உங்களுக்கு வேர்க்கவே இல்லப்பா."

"நல்லதுதானே. சட்டை நாறாது."

"செத்துருவீங்க."

"செத்தா செத்தேன். பாதியில விட்டான்னு என்னைய எவனும் சொல்ல முடியாது. அது உன் டிபார்ட்மெண்ட்."

சொல்லிவிட்டு உச்சியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார், நேராக அல்ல, குடித்தவன் மாதிரி. இழுத்தால் அடிப்பார். கெஞ்சினால் இன்னும் வேகமாக ஏறுவார். அதனால் நான் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். "என்னால முடியலப்பா. பயமா இருக்கு. வீட்டுக்குப் போலாம்" என்றேன். முகத்தைக் கையால் மூடிக்கொண்டேன், நடிப்பு தெரிந்துவிடக் கூடாதே என்று. பயம் நடிப்பில்லை, அது வேறு விஷயம்.

திரும்பி வந்தார். "எனக்குத் தெரியும்டா. மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே." அவர் குரலில் அவ்வளவு நிம்மதி. என்னைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி என் தோளில் கையைப் போட்டார். அவர் எடை மொத்தமும் என் மேல் இருந்தது. இறங்குகிற வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார், நடுவில் ரெண்டு இடத்தில் வாந்தி எடுத்தார், வாயைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து திட்டினார். எப்போது திட்டு நிற்குமோ என்றுதான் எனக்குப் பயம். ஓடைக்கு வந்ததும் நின்றுவிட்டது. அங்கிருந்து வண்டிவரைக்கும் முதுகில் தூக்கினேன். கிளினிக்கில் டிரிப் ஏற்றிய நர்ஸ், "இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா கஷ்டம்" என்று என்னிடம் சொன்னாள். கண் திறந்ததும் அப்பா அவளிடம் சொன்னது: "பையனுக்காகத்தான்மா திரும்பினேன்."

ஆகவே, ஆமாம் பெரியப்பா, நான் பயந்ததால்தான் திரும்பினோம். எல்லாரிடமும் அப்படியே சொல்லுங்கள். அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடாதீர்கள், அவருக்கு அது தாங்காது. இப்போது ஹாலில் சோபாவில் படுத்திருக்கிறார். இனி அந்த மலைப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று டாக்டரிடம் சத்தியம் செய்திருக்கிறார். பெரியம்மாவுக்கு என் அன்பு. தங்கள் ஆசி எங்கள் ரெண்டு பேருக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
டாரல்

பி.கு.: ஸ்டாம்ப் எடுக்க ஹாலுக்குப் போனேன். சோபாவில் அவர் இல்லை. வாசலில் வண்டியும் இல்லை. பக்கத்து டிரெய்லர் வீட்டு லூப்பே அக்காவைக் கேட்டேன். "உங்கப்பாவா? விடியும்போதே கெளம்பிட்டாரே. 'இந்தத் தடவ திரும்பிப் போலாம்னு அழ ஆள் இல்ல, ஒரே மூச்சுல ஏறிருவேன்'னு சிரிச்சாரு. தண்ணி கேன்கூட நான்தான் தூக்கி வெச்சேன்." நம்பிவிட்டார் பெரியப்பா. தனக்கு ஒன்றுமே ஆகவில்லை, நான்தான் முடியாமல் உட்கார்ந்தேன் என்று நிஜமாகவே நம்பிவிட்டார். ஷெரிப் ஆபீசுக்குச் சொல்லியாச்சு. உங்களுக்கும் போன் போட்டேன், நீங்க எடுக்கல. லூப்பே அக்கா அவங்க வண்டிச் சாவியைத் தேடுறாங்க, அதுக்குள்ள எழுதுறேன். அப்பாகிட்ட உண்மையச் சொல்லாதீங்கன்னு மேல எழுதினத அடிச்சிருங்க. அப்பா எங்கிருந்தாவது உங்களுக்குப் போன் பண்ணினா ஒடனே சொல்லுங்க, செத்துக்கிட்டிருந்தது அவன் இல்லடா, நீதான்னு. சேர்த்துப் பேசுங்க பெரியப்பா, ஒரே வரியில வெச்சிராதீங்க. சாவி கெடச்சிருச்சு, நான் போகணும்.