பரண் ஏறிய சிஸ்டம்

ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்காரர் வருகிறார் என்று மனைவி சொன்னதும் சிஸ்டம் சார் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார்.

தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்த்தவர். கிடங்கு அந்தக் கிழட்டு இயந்திரத்தைக் கழித்துக்கட்டியபோது, பெற்ற பிள்ளையைப் போல வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டார். படுக்கையறையில் பாதி அதற்கு. மீதியில் தம்பதி.

அதன் அருமையை மனைவிக்கு விளக்கினார். இந்தக் காலத்து இயந்திரங்களில் அதை ஓட்டும் ஆபரேட்டிங் சிஸ்டம் தனி, தகவல் கிடங்கு தனி. இதில் சிஸ்டமே தகவல் கிடங்குதான். எங்கும் போய்த் துழாவ வேண்டாம். மனுஷனிடம் கேட்பது போல ஒரு வாக்கியம் கேட்டால் போதும்.

கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக மனைவி முழுசாகக் கேட்டாள். சிஸ்டம் சாருக்கு உச்சி குளிர்ந்தது.

"அப்போ நம்ம வீட்டுல எது எங்க இருக்குன்னு சொல்லுமா?"

"கேட்ட மாத்திரத்துல சொல்லும்மா."

"சொன்னா இங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா வண்டியில ஏத்திடுவேன்."

வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். கம்ப்யூட்டரில் குப்பையைப் பதிந்தால் குப்பைதான் வரும் என்பது அவருடைய தொழில் தர்மம். ஆகவே பரணில் ஏறினார். ஒவ்வொரு சாமானையும் இறக்கி, துடைத்து, வகை பிரித்து, இடம் ஒதுக்கிப் பதிந்தார். உடைந்தது, ஓட்டையானது எல்லாம் வாசலுக்குப் போயின. கட்டிலுக்கு அடியில் இருப்பவை கணக்கில் வராதோ என்று மனைவி அப்பாவியாகக் கேட்டாள். வராமல் என்ன? குப்புறப் படுத்து அவற்றையும் இழுத்தார். இடுப்பு விட்டுப்போனது. நம்பிக்கை விடவில்லை.

ஞாயிறு காலை பரீட்சை. கறுப்புக் குடை எங்கே என்றாள். தட்டினார். நடை அலமாரி, மேல்தட்டு என்றது திரை. போய்ப் பார்த்தால், தூசி தட்டிய குடை சமர்த்தாகப் படுத்திருந்தது. சிஸ்டம் சார் நெஞ்சை நிமிர்த்தினார்.

அதற்குள் இரும்புக்காரர் வந்துவிட்டார். சிஸ்டம் சார் படுக்கையறை வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றார். மனைவி அவரைத் திரும்பியும் பார்க்காமல் வெளியே போய், வாசலில் இருந்த குவியலைக் காட்டினாள்.

இரும்புக்காரர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தார். "பளிங்கு மாதிரி இருக்கேம்மா. நல்ல வேலைக்காரனாப் புடிச்சிருக்கீங்க. கூலி ரொம்பக் கேப்பானோ?"

"கூலியெல்லாம் இல்லப்பா," என்றாள் மனைவி. "ஒரு பழைய கம்ப்யூட்டரை வீட்டுல வெச்சுக்க விட்டாப் போதும்."