உங்கள் பிள்ளையின் பதினோராம் பக்கம்

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி இப்போது தேவலையா? மாமா மாத்திரைகளை ஒழுங்காக விழுங்குகிறாரா, அல்லது தொட்டிச் செடிக்குப் போடுகிறாரா? இங்கே நான் நலம். உங்கள் பிள்ளையும் நலம். நலம் என்றால் சாதாரண நலமில்லை, கால் தரையில் பாவவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். போனில் சொல்லலாமென்றால் அந்த மனுஷர் பக்கத்து அறையிலேயே இருக்கிறார்.

நாங்கள் என்ன வேலை பார்க்கிறோமென்று கல்யாணத்தன்று நீங்கள் கேட்டீர்கள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பதில் சொன்னதில் உங்களுக்கு ஒன்றும் புரியாமல் போயிற்று. இப்போது குறுக்கே பேச ஆளில்லை, கேளுங்கள். கருந்துளையைச் சுற்றி வாயு ஒரு பெரிய வட்டாகப் பரவிச் சுழல்கிறது. அது பாட்டுக்குச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டியதுதானே, ஏன் உள்ளே போய் விழுகிறது? இந்த ஒரு கேள்விதான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு. வாயு தானாகவே கொந்தளித்து விழுகிறது என்பது என் கட்சி. இல்லவே இல்லை, காந்தப்புலம்தான் கலக்கி விழவைக்கிறது என்பது உங்கள் பிள்ளையின் கட்சி. நேரில் போய்ப் பார்க்க முடியாத இடம். ஆகவே காகிதத்திலேயே அந்த வட்டை லேசாகச் சீண்டிப் பார்ப்போம். எழும் அலை வளர்ந்தால் கொந்தளிப்பு, அடங்கினால் ஒன்றுமில்லை. இதற்கு இத்தனை வருஷமா என்று கேட்காதீர்கள், மாமா ஏற்கெனவே கேட்டுவிட்டார்.

எங்கள் துறையின் பெரிய மாநாட்டில் தொடக்க உரையாற்ற அழைப்பு வந்தது. வந்தபோது நான் அடைத்துக்கொண்ட பாத்திரத் தொட்டியில் முழங்கைவரை கையை விட்டுக்கொண்டிருந்தேன். ஈரக்கையோடு ஓடிவந்து அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். இரண்டு பெயர் இருக்குமென்றுதான் நினைத்தேன், ஒன்றுதான் இருந்தது, அவருடையது. "அடடே, ரொம்ப சந்தோஷம்" என்றேன். சொன்னபோது என் முகம் எப்படி இருந்ததோ, அவர்தான் சொல்ல வேண்டும். துறைத் தலைவர் என்னை வழியில் நிறுத்தி, "வீட்டுக்குள்ளதானே வருது, யாருக்கு வந்தா என்னம்மா?" என்கிறார். அவர் நாற்காலியில் அவர் மனைவியை உட்காரவைத்துவிட்டு இதே கேள்வியைக் கேட்க எனக்கு ஆசை. உங்கள் பிள்ளையின் கோட்டுக்கு அளவு கொடுக்கப் போனால் தையல்காரர், "சார் பேசறப்போ நீங்க ஊரைச் சுத்திப் பார்க்கலாமே மேடம்" என்று யோசனை சொல்கிறார். கேட்டீர்களா அநியாயத்தை! உங்கள் பிள்ளையின் உரை எடுபட்டால் என் கட்சி அதோடு காலி, அத்தை. நான் இத்தனை வருஷம் எழுதியதெல்லாம் இனி யாராவது அடிக்குறிப்பில் போடுவார்கள், அதுவும் இடமிருந்தால். பொறாமையா என்று கேட்கிறீர்கள். பொறாமைதான். அவர் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகும்போது ஒரு நகைச்சுவை சொல்கிறாரே, அதுகூட என்னுடையது!

இனிதான் விஷயம். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் வரிவரியாகச் சரிபார்த்து, மேலே "பார்த்தாச்சு" என்று எழுதினால்தான் அது வாசலைத் தாண்டும். உரைக்கான கணக்கை என்னிடம் நீட்டினார். பதினோராம் பக்கம், மூன்றாவது வரி. மைனஸ் வரவேண்டிய இடத்தில் பிளஸ் போட்டிருக்கிறார். மைனஸ் போட்டால் அவருடைய அலை வளராது, சப்பென்று அடங்கிவிடும். உரையும் கோட்டும் அதோடு அம்பேல். உங்களிடம் மறைப்பானேன், எனக்கு வாயெல்லாம் பல். எழுந்து போய் ஜன்னலைத் திறந்து காற்று வாங்கிவிட்டு வந்தேன். "என்ன, தேறுமா?" என்றார். "பிரமாதம்" என்று சொல்லி, "பார்த்தாச்சு" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். அத்தனை பேர் கூடிய மண்டபத்தில் முன்வரிசை ஆசாமி ஒருவர் எழுந்து அந்த வரியைக் காட்டுவதும், இவர் திருதிருவென்று விழிப்பதும் என் கண் முன்னாலேயே நிற்கிறது. அதை நினைத்துச் சந்தோஷப்படலாமென்று பார்த்தால் முடியவில்லை, அத்தை, அழுகை வருகிறது. நேரே சொல்லிவிடலாமென்றால், "நல்லவேளை, நீ இருக்கே" என்று நன்றி சொல்வார். வயிறெரிகிறபோது அந்த நன்றியை யார் வாங்கிக்கொள்வது? அதனால் அடுத்த தடவை உங்கள் பிள்ளை போன் செய்யும்போது, பேச்சோடு பேச்சாக, "ஏம்பா, பதினோராம் பக்கம் மூணாவது வரியில மைனஸ் போட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எப்படித் தெரியுமென்று கேட்டால், "பெத்தவளுக்குத் தெரியாதா?" என்று சொல்லுங்கள். நம்பிவிடுவார்.

மாமாவுக்கு என் வணக்கம். குளிரில் வெளியே போகாதீர்கள். எங்கள் இருவரையும் ஆசீர்வதியுங்கள், எனக்கு மட்டும் ஒரு கை கூடுதலாக.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
(கொந்தளிப்புக் கட்சி)

பி.கு.: அத்தை, போனில் மைனஸ் பேச்சையே எடுக்காதீர்கள்! கடிதத்தை மடிக்கும்போது அவர் உள்ளே வந்தார். என்னால் அடக்க முடியவில்லை. "பதினோராம் பக்கம் தப்பு! அங்க மைனஸ் வரணும்! உங்க அலை செத்துப்போச்சு!" என்று கொட்டிவிட்டேன். அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்குப் பதிலா உன்னைக் கூப்பிடச் சொல்லி எழுதிடறேன்" என்று போய்க் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் மிதந்தேன். அந்த அருமையான வரியை இன்னொரு தரம் கண்குளிரப் பார்ப்போமென்று பக்கத்தைப் புரட்டினேன்.

வட்டை நான் மேலேயிருந்து பார்ப்பதுபோல எழுதுவேன், அவர் கீழேயிருந்து பார்ப்பதுபோல எழுதுவார். எனக்கு இடப்பக்கம் சுற்றுவது அவருக்கு வலப்பக்கம் சுற்றும். என் மைனஸ் அவருடைய பிளஸ். அவர் கணக்கை எப்போதும் மாற்றித்தான் படிப்பேன், இந்தத் தடவை வயிற்றெரிச்சலில் அது மறந்தே போச்சு. அவர் கணக்கில் ஒரு பிசகும் இல்லை.

"அனுப்பாதீங்க! தப்பு என்னுது!" என்று ஓடினேன்.

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா விட்டுக்கொடுத்தீங்க?"

"நீ இவ்வளவு சந்தோஷமா பேசி ரொம்ப நாளாச்சு. அதைப் போய் ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

அவர் எழுதிவைத்திருந்ததை நானே அழித்தேன். பொய் சொல்ல மாட்டேன், அழிக்குமுன் இரண்டு தடவை படித்தேன். என்னைப் பற்றி இதுவரை யாரும் இவ்வளவு நல்லவிதமாக எழுதியதில்லை. விட்டுக்கொடுப்பதிலும் உங்கள் பிள்ளைதான் என்னை முந்திக்கொண்டார், அத்தை. ஒரு மனுஷரைப் பார்த்து நான் எத்தனைக்குத்தான் பொறாமைப்படுவது?