கால் மைல் கழகத்தின் சாதனை

மனித நாகரிகம் சக்கரத்தில் தொடங்கியது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். அது எங்கே வந்து நிறைவடைந்தது என்று சொல்லித்தருவதில்லை. பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறிய அதே வருஷத்தில், தூத்துக்குடியில், 'நேர்கோட்டு வேக அபிவிருத்திக் கழகம்' தொடங்கப்பட்ட அன்று அது நிறைவடைந்தது. கழகத்தின் செயலாளர் என்ற முறையில் இதைப் பொறுப்போடு சொல்கிறேன்.

கழகத்தில் மூன்று பேர். தலைவர் எபனேசர் அண்ணன், கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கிளார்க். புரவலர் பொன்னுதுரை அண்ணாச்சி, முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளம் வைத்திருப்பவர். மூன்றாவது ஆள் நான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் கடல் கடந்த நாடுகளைப் பற்றி நிறைய வாசித்திருந்தேன். அது போதும் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

எங்கள் ஆதார நூல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை. கிரேக்கக் கப்பலின் சமையற்காரர் ஒருவர் தலைவருக்குக் கொடுத்தது. பழைய கார்களைப் பிரித்து, தேவையில்லாததையெல்லாம் கழற்றி எறிந்து, நின்ற இடத்திலிருந்து நேராகக் கால் மைல் பறக்கவிடுகிற மகான்களின் படங்கள் அதில் இருந்தன.

தலைவர் படம் பார்த்துவிட்டு மூடிவைக்கிற ஆள் இல்லை. துறைமுகத்துப் பழைய இரும்புக் கடைகளில் 'அகழ்வாராய்ச்சி' நடத்தி, முப்பதுகளில் ஏதோ ஓர் ஐரோப்பியப் பந்தயத்தில் ஓடியதாகக் கடைக்காரர் சத்தியம் செய்த மேக்னெட்டோ ஒன்றை வாங்கிவந்தார். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற பாகம். வீட்டில் கல்யாணப் போட்டோ இருந்த இடத்தில் கண்ணாடிப் பெட்டி வைத்து அதைக் குடியேற்றினார். காலை ஜெபம் முடிந்ததும் எடுத்து முகர்ந்து பார்ப்பார்.

"பந்தய எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தாம்ல ஊத்துவாங்க. அந்த வாசம் இன்னும் போகலை பாரு."

நானும் முகர்ந்தேன். மீன் வாசம் அடித்தது. ஆமாம் என்றேன்.

"வண்டியில மாட்டலாமே அண்ணே?"

"மாட்டவா? தேஞ்சு போயிராதா?"

குறை ஒன்றே ஒன்றுதான். கழகத்துக்கு வண்டி இல்லை. வண்டி தலைவரின் மனைவி பிளாரன்ஸ் அக்காவிடம் இருந்தது. அக்கா பிரசவம் பார்க்கிற நர்ஸ். நாசரேத்தில் கம்பவுண்டராக இருந்த அவருடைய அப்பா விட்டுப்போன ஆஸ்டின் கார் அது. கடற்கரை ஊர்களுக்கெல்லாம் அக்கா தானே ஓட்டிக்கொண்டு போவார். சிக்கலான கேஸ் என்றால் தாயைப் பின்சீட்டில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார். நல்ல வண்டி ஒன்று இப்படி 'வீணாவதை' எந்தக் கழகம் பார்த்துக்கொண்டிருக்கும்?

முதல் கூட்டத்திலேயே பின்சீட்டு விடைபெற்றது. அடுத்து கதவுகள் போயின, பிறகு சைலன்சர். பிரசவத் தாய்மார்களுக்காக அக்கா வாங்கி வைத்திருந்த விளக்கெண்ணெய் முழுவதும் எஞ்சினுக்குள் போயிற்று.

அக்கா வாசலில் வந்து நின்றார். "இங்கேருங்க, புன்னைக்காயல்ல இனிகோ பொண்டாட்டிக்குத் தலைப்பிரசவம். பிள்ளை குறுக்க கிடக்கு. எந்நேரமும் ஆள் வரும். வண்டிய மறுபடி மாட்டி வைங்க."

"சனிக்கிழமை சோதனை ஓட்டம், பிளாரன்ஸ். முடிஞ்சதும் மாட்டிருவோம்."

"அதுவரைக்கும் பொறுத்து வரணும்னு பிள்ளைகிட்ட யாரு சொல்லுதது?"

தலைவர் ஆழ்ந்து யோசித்தார். "செயலாளர் தீர்மானம் எழுதுவாரு," என்றார்.

எங்கே ஓட்டுவது என்பது அடுத்த கேள்வி. மெயின் ரோட்டில் மாட்டு வண்டியும் போலீசும் இருந்தன. அப்போதுதான் ஆதார நூலின் நடுப்பக்கத்தைத் திறந்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. அதன்மேல் ஒரு கார் பறந்துகொண்டிருந்தது.

"பனியாண்ணே?"

"இல்லலே, உப்பு," என்றார் தலைவர், குரல் தழுதழுக்க.

இரண்டு பேரும் பொன்னுதுரை அண்ணாச்சியைப் பார்த்தோம்.

"அமெரிக்காக்காரன் உப்பு தாங்குது. நம்ம உப்புக்கு என்ன கேடு?" என்றார் அண்ணாச்சி.

"நிச்சயமா தாங்குமா அண்ணாச்சி?"

"ஏலே, என் உப்பு மெட்ராஸ் வரைக்கும் போகுது. கால் மைல் போகாதா?"

இதற்கு மேல் கேட்பது அவமரியாதை. அண்ணாச்சி தன் உப்பளத்துப் பாத்தியில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. கால் எரியுமாம். கரையில் குடை பிடித்து நின்றபடியே பரம்பரைத் தொழிலைக் கரைத்துக் குடித்தவர்.

சனிக்கிழமை காலையில் கால் மைல் அளந்து, கரையோரமாக இரண்டு கொடி நட்டோம். கையில் நிறுத்து கடிகாரத்தோடு நான் நின்றேன். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"வண்டி எங்கன போகுது?" என்றாள் ஒருத்தி.

"உள்ள," என்றேன்.

"பாத்திக்குள்ளயா?" அவள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். விஞ்ஞானத்துக்கு அப்படி ஒரு வரவேற்பை நான் கண்டதில்லை.

கடலே திரும்பிப் பார்க்கிற சத்தத்தோடு வண்டி பாத்தியில் இறங்கியது. இருபது கஜம் கம்பீரமாகப் போயிற்று. பிறகு மேலே இருந்த உப்பு அப்பளம்போல் உடைய, சக்கரம் நான்கும் கீழே இருந்த களிமண்ணோடு உறவாடின. தலைவர் ஆக்சிலரேட்டரை மிதித்தார். வண்டி முன்னேறியது, கீழ்நோக்கி.

"உப்பு தரமில்லை," என்று வண்டிக்குள் இருந்தபடியே அறிவித்தார்.

"என் உப்பச் சொல்லாத," என்றார் அண்ணாச்சி, கரைவரைக்கும் தெறித்து வேட்டியில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டே. "ஓட்டத் தெரியாதவன் ஓட்டினா கல்லும் உடையும்."

இதை விவாதிக்க அங்கேயே அவசரக் கூட்டம் கூடியபோது ஒரு சைக்கிள் வந்தது. மிதித்தவர் புன்னைக்காயல் இனிகோ. முகத்தில் ரத்தமே இல்லை. கேரியரில் பையோடு பிளாரன்ஸ் அக்கா.

"விடியக்கருக்கல்லயே வலி எடுத்திருக்கு," என்றார் அக்கா. "வண்டி ஏன் அங்கன நிக்கி?"

"நிக்கலை பிளாரன்ஸ். ஆராய்ச்சியில இருக்கு."

இனிகோ ஆராய்ச்சியை மதிக்கவில்லை. சைக்கிளைப் போட்டுவிட்டுப் பாத்தியில் இறங்கினார். "தாயி, கொஞ்சம் கை குடுங்க. வள்ளத்தக் கரையேத்துற மாதிரிதான்." பெண்கள் எழுந்து வந்தார்கள். சக்கரத்தடியில் பலகை போனது, அச்சில் கயிறு விழுந்தது. ஒரே குரலில் இழுத்தார்கள்.

"பெயிண்டு, பெயிண்டு," என்று தலைவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே நிர்வாகம் செய்தார்.

வண்டி கரையேறியது. அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"எந்திரிங்க."

"இது இப்ப பந்தய வண்டி பிளாரன்ஸ், உனக்கு—"

"எந்திரிங்க."

தலைவர் எழுந்தார். பின்சீட்டு இருந்த இடத்தில் இனிகோ சாக்கை விரித்து, பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி உறுமியது. கரைப்பாதையில் முதல் கொடி, இரண்டாவது கொடி, பிறகு புழுதி மட்டும். இரண்டு கொடியிலும் என் கட்டைவிரல் தானாகவே கடிகாரத்தை அமுக்கியிருந்தது.

மத்தியானத்துக்குள் இனிகோவின் மனைவியைச் சாக்குமேல் படுக்கவைத்து அக்கா ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். தாயும் பிள்ளையும் சுகம். பெண் குழந்தை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கழகம் கூடியது. நான் எழுந்து நேரத்தை வாசித்தேன்: கால் மைல், இருபத்திரண்டு வினாடி. கழகத்தின் முதல் சாதனை. இதுவரைக்கும் ஒரே சாதனையும் அதுதான்.

"செல்லாது," என்றார் அண்ணாச்சி.

"ஏன் அண்ணாச்சி?"

தலைவர்தான் பதில் சொன்னார். வலியோடு சொன்னார், ஆனால் உறுதியாகச் சொன்னார். பந்தயத்தின் தூய்மையைக் காக்கும் பொருட்டு அந்தச் சாதனையை ஏகமனதாக நிராகரித்தோம். ஓட்டியவருக்குப் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று இருந்தது. எங்கேயும் போக வேண்டியிராதவர்கள் மட்டுமே எங்கள் கழகத்தில் வேகமாகப் போகலாம். அந்தத் தகுதி எங்கள் மூவருக்கும் இன்றுவரை குறையவில்லை.